ஐந்தாம் வார்த்தை

கத்தரிக்கோலைக் கழுவி வைத்துவிட்டு ஷர்மிளா ரூபியைப் பார்த்தாள். பஞ்சுப் பொதி மாதிரி இருந்த நாய், இப்போது வெளிறிய தோலோடு கூச்சப்பட்டு நின்றது.

"இன்னாது, திருப்பதிக்கு நேந்துகிட்டியா?" என்றான் அவள் கணவன் கிறிஸ்துராஜ்.

"சிரி. வெயிலு ஏறிப்போச்சு. நேத்து மட்டும் எங்க ஆஸ்பத்திரி வார்டுக்கு நாலு பேரு மயங்கி வந்தாங்க. இதுக்காவது சில்லுனு இருக்கட்டும்."

அன்று புனித வெள்ளி. பன்னிரண்டு மணிக்கு மும்மணி ஆராதனை; சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகப் பேசும் மூன்று மணி நேரம். போன வருடம் ரூபி அவர்கள் பின்னாலேயே கோயிலுக்கு வந்து, போதகர் மூன்றாம் வார்த்தையில் இருக்கும்போது பீடத்தைப் பார்த்துக் குரைத்துவிட்டது. சபையில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இந்த முறை கொல்லையில் துணி காயப்போடும் இரும்புக் கம்பத்தில் கட்டினாள். அங்கே வேம்பின் நிழல் அடர்ந்து கிடந்தது. நீளச் சங்கிலி. எவர்சில்வர் சட்டி நிறையத் தண்ணீர். மணி பதினொன்று.

கோயிலில் ஐந்தாம் வார்த்தை, 'தாகமாயிருக்கிறேன்'. பேச வந்த இன்பராஜ் வாத்தியார், எல்லோரும் நாக்கால் உதட்டைத் தொட்டுப் பாருங்கள் என்றார். ஷர்மிளா தொட்டாள். உப்புக் கரித்தது. பார்வை வாசலுக்குப் போனது. உள்ளே வரும்போது நிழலில் கழற்றிப் போட்ட செருப்புகள் அத்தனையும் இப்போது வெயிலில் கிடந்தன.

எழுந்தாள். கிறிஸ்துராஜ் கையைப் பிடித்தான். உதறினாள். செருப்பைத் தேடவில்லை. தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடினாள்.

கேட்டின் பூட்டைத் திறந்து கொல்லைக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசா ஸ்டூல் போட்டு ஏறி, மதிலுக்கு மேலாக ஓஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரம் கத்துச்சு தெரியுமா! அப்புறம் சத்தமே இல்ல. அதான் பயந்துட்டேன். உங்க கேட்டு வேற பூட்டு."

நோன்பில் அவள் உதடுகள் வெடித்திருந்தன.

நிழல் மதிலைத் தாண்டிப் போயிருந்தது. அதைத் தேடி ரூபி கம்பத்தைச் சுற்றியிருக்கிறது. நாலு சுற்று. கழுத்து இரும்போடு ஒட்டிக் கிடந்தது. தண்ணீர்ச் சட்டி ஒரு சாண் தள்ளி, வைத்தபடியே நிறைந்திருந்தது. முதுகில் காலைவரை முடி இருந்த இடமெல்லாம் கொப்புளம்.

ஷர்மிளா கொக்கியைக் கழற்றி, கழுத்தைக் கம்பத்திலிருந்து விடுவித்தாள்.

"மூச்சு இருக்குதா பாரு ஷர்மிளா."

"இருக்குதுக்கா. நான்தான் வெட்னேன்... முடிய நான்தான்..."

"அத அப்புறம் பேசு. ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன்."

ஷர்மிளா முந்தானையை நனைத்து ரூபியின் அக்குளிலும் வயிற்றிலும் போட்டாள். சட்டியை இழுத்துக் கையை விட்டாள். சுட்டது. அப்படியே கவிழ்த்தாள்.

ஜஹீருன்னிசா பைப்பை எட்டிய மட்டும் இறக்கிக் கொடுத்தாள். ரூபியின் நாக்கு சிமெண்டுத் தரையில் கருஞ்சிவப்பாகக் கிடந்தது. தண்ணீர் அதன்மேல் ஏறி, வழிந்து ஓடியது. மதிலுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு பேரும் அந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.