மாலை போட்ட படம்

உமாமகேஸ்வரி முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கிடந்த போன் ஓயாமல் சத்தம் போட்டது. மூக்குக்கண்ணாடி அறைக்குள் இருந்ததால் எடுத்துப் படிக்கவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. 'சுற்றம்' என்ற புதுச் செயலியில் நேற்றுச் சாயங்காலம் அவள் முதன்முதலாகப் போட்ட படத்துக்குத்தான் இத்தனை சத்தம்.

மகன் நவநீதன் பெங்களூரிலிருந்து நச்சரித்துக்கொண்டே இருந்தான். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதில் வந்துவிட்டார்கள், நீ மட்டும்தான் பாக்கி என்றான். வாட்ஸப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டாள். அது பேசுவதற்கு, இது எல்லாரும் கூடியிருப்பதற்கு என்றான். கூடியிருக்க வீட்டில் கூடம் இல்லையா என்று தோன்றியது அவளுக்கு. ஒரு நாள் வேண்டாம் என்பாள். மறுநாள் பக்கத்து வீட்டு நஜீபா அதில் யாருடைய வளைகாப்பையோ காட்டினால், நாமும் இருந்தால்தான் என்ன என்பாள். கடைசியில், ஒரே ஒரு படம் போட்டுப் பார்ப்போம், நமக்கு ஒத்துவந்தால் வைத்துக்கொள்வோம் என்று முடிவுசெய்தாள்.

போட்டது, போன வாரம் திருக்கடையூரில் நடந்த அறுபதாம் கல்யாணப் படம். கணவர் குஞ்சிதபாதத்தின் கழுத்து நிறைய ரோஜா மாலை. பக்கத்தில் நின்ற தனக்குக் கண் மூடியிருந்ததால், தன்னை மட்டும் வெட்டி எடுத்துவிட்டாள். நாலு வார்த்தை எழுதலாமென்றால் விரல் வரவில்லை. மங்களகரமாக இருக்கட்டும் என்று கீழே ஒரு விளக்கும், கும்பிடும் கைகளும் வைத்தாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கூடவே தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஓர் அழுகை. திருமலைராயன்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் ஞானசௌந்தரி, தலைமுடி அவிழ, மாரில் அடித்துக்கொண்டு படியேறி வந்தாள். கையில் பெரிய சம்பங்கி மாலை.

"எங்கள விட்டுட்டுப் போயிட்டியே தம்பி."

அறுபதாம் கல்யாணத்துக்கு வராதவள் அவள். வெற்றிலைபாக்கு வைத்து நேரில் அழைக்காமல், பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டார்கள் என்று கோபம். அந்தக் கோபக்காரி இப்படி வந்து நிற்பது ஏன் என்று உமாவுக்கு விளங்கவில்லை. அதற்குள் கொல்லையில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த குஞ்சிதபாதம், மேலெல்லாம் சேறும் கையில் மண்வெட்டியுமாக ஓடிவந்தார்.

ஞானசௌந்தரியின் அழுகை அப்படியே நின்றது. தம்பியின் முகத்தைத் தடவினாள். தோளைத் தடவினாள். சேறு அவள் கையெல்லாம் ஒட்டியது. பிறகு மெல்ல உமாவின் பக்கம் திரும்பினாள்.

"நல்லதுக்கும் போன்ல, சாவுக்கும் போன்லயா? கூடப்பொறந்தவளுக்கு ஒரு ஆள அனுப்பிச் சொல்லக்கூட நான் இந்த வீட்டுக்கு ஆகாதவளாப் போயிட்டனா?"

"அவரு நல்லாத்தானே இருக்காரு அக்கா."

"அது எனக்கு எப்புடித் தெரியும்? மாலை போட்டு, வெளக்கு வச்சு, கும்புட்டிருக்க. எம் மருமவ காட்டுனா. ஊரே எழவு எழுதி வச்சிருக்கே, பாக்கலயா நீ?"

உமா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து போனைத் திறந்தாள். ஆழ்ந்த இரங்கல். ஆன்மா சாந்தியடையட்டும். ஈடு செய்ய முடியாத இழப்பு. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. போன வாரம் திருக்கடையூரில் இவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்கூட எழுதியிருந்தார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். ஒருவர்கூட வீட்டுக்குப் போன் போட்டு, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அவளுக்கு முதலில் வெட்கம் வந்தது. அப்புறம் காது மடல் வரை கொதித்தது.

அழுகைச் சத்தம் கேட்டு இரண்டு வீடு தள்ளியிருக்கும் செம்பியன் ஓடிவந்தான். குஞ்சிதபாதத்தின் சித்தப்பா மகன். அண்ணனைக் கண்டதும் வாசல்படியிலேயே நின்றுவிட்டான். 'தந்தைக்கு நிகரான அண்ணனை இழந்து தவிக்கிறேன்' என்று எழுதியிருந்தவன் அவன்தான்.

"காலையில இந்த வாசல் வழியாத்தானே தம்பி பைக்ல போனீங்க?" என்று கேட்டாள் உமா.

"ஆமாங்க அண்ணி."

"பந்தல் இல்ல, பறை இல்ல. நான் கோலம் போட்டுக்கிட்டு நிக்கிறேன். சாவு வூட்ல எவளாவது கோலம் போடுவாளான்னு நிறுத்தி ஒரு வார்த்த கேக்கத் தோணலியா?"

"எல்லாரும் போட்டிருந்தாங்க, நானும் போட்டுட்டேன். சாயங்காலமா வந்து பாக்கலாம்னுதான்..."

"சாயங்காலம் வந்திருந்தா என்னைத் தூக்கியிருப்பாங்களேடா" என்றார் குஞ்சிதபாதம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. செம்பியன் தலையைச் சொறிந்துகொண்டே நகர்ந்தான்.

கிளம்புமுன் ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே என்று அக்காவிடம் கேட்டார் அவர்.

"போன் போட்டு என்னன்னுடா கேப்பேன்? எந் தம்பி செத்துட்டானான்னா? வாய் வருமா எனக்கு?" என்றாள் ஞானசௌந்தரி. அப்போதுதான் அவளுக்கு நிஜமாக அழுகை வந்தது.

உமா அவள் கையிலிருந்த மாலையை வாங்கிக் கொண்டுபோய் வாய்க்காலில் எறிந்துவிட்டு வந்தாள். சாவுக்கென்று வந்தவள் தலை முழுகாமல் சாப்பிடக் கூடாது என்று வெந்நீர் வைத்தாள். தலை துவட்டிவிடும்போது, பத்திரிகையைப் போனில் அனுப்பியது தன் தப்புதான் என்று மெதுவாகச் சொன்னாள். சாப்பிட உட்கார்ந்த நாத்தனார், முருங்கைக்கீரைக்கு உப்பு பத்தவில்லை என்று சொல்லி, இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் நவநீதன் கூப்பிட்டான். குரலில் உற்சாகம்.

"அம்மா, மொதப் படத்துக்கே எவ்வளவு பேரு வந்திருக்காங்க பாத்தியா?"

"வந்தது உங்க அத்த மட்டுந்தான்டா."

அவனுக்குப் புரியவில்லை. நடந்ததைச் சொன்னாள். படிக்காமல் போடுகிற ஜனங்களை என்ன செய்வது என்று அவன் சலித்துக்கொண்டான்.

"நீயும் போட்டிருக்கியே. இரங்கல்னு எழுதியிருக்கறதுக்கு நடுவுல உன் பேரும், கும்புடுற கையும் இருக்கே. அதுக்கு மேல எழுதியிருக்கறதப் பாத்தியா நீ?"

"ஆபீஸ்ல இருந்தேம்மா. பாக்காமலே அழுத்திட்டேன்" என்றான்.

"கேட்டுக்க. படத்த வெட்டிப் போட்டது என் தப்பு. ஆனா இத்தன பேருல ஒருத்தனுக்கு நெஞ்சு பதறியிருந்தா, அரை நிமிஷத்துல உண்ம தெரிஞ்சிருக்கும். உங்க அத்த நம்ம மேல கோவமா இருந்தவ. அவளுக்குப் பதறுச்சு, ஓடி வந்தா. நல்லது கெட்டதுக்கு வாசப்படி ஏறி வர்றதுக்குப் பேருதான்டா சொந்தம். என்னன்னு கேக்காம வெரல அழுத்திட்டுப் போறதுக்குப் பேரு சொந்தமில்ல. அது எனக்கு வேண்டாம்."

செயலியை எப்படி நீக்குவது என்று அவனிடமே கேட்டு, அவன் சொல்லச் சொல்ல நீக்கினாள். அடுத்த மாதம் மகள் பிரதீபாவின் குழந்தைக்குக் காதுகுத்து. அதற்கான பத்திரிகையைப் போனில் அனுப்பிவிடட்டுமா என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நீ லீவு போட்டுட்டு வா. தாம்பாளத்த நீதான் தூக்கணும். மொத வீடு உங்க அத்த வீடு."