விரற்கடை

சனிக்கிழமை காலை பத்தரை மணி. ஸ்டேடியத்துக்கு வடக்கே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், தன் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கிப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, என் தங்கை புருஷன் டெல்பர்ட் பட்டைத்தூள் தூவிய இனிப்பு பன்னைப் பிய்த்துக் காரமான பீன்ஸ் மாட்டுக்கறிக் குழம்பில் முக்கித் தின்றுகொண்டிருந்தான். நெப்ராஸ்காவில் எல்லோரும் அப்படித்தான் தின்போம், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவன் விரல்களை. பதினேழு வருஷமாக அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சீட்டுக் கலைக்கும்போது பார்த்திருக்கிறேன், வான்கோழி அறுக்கும்போது பார்த்திருக்கிறேன், என் அப்பாவின் சவப்பெட்டியை என்னோடு சேர்ந்து தூக்கியபோதுகூடப் பார்த்தேன். எதுவும் சிக்கவில்லை. சிக்காததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

தொழில் புத்தி என்பாள் என் தங்கை ஆர்லீன். முப்பத்தோரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் பார்க்கிற வேலை. ஆலங்கட்டி மழை பெய்த மறுநாள் ஏணியோடு போய்க் கூரைமேல் ஏறி, எந்தப் பள்ளம் வானத்திலிருந்து விழுந்தது, எந்தப் பள்ளம் சுத்தியலால் விழுந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சுத்தியல் பள்ளமெல்லாம் ஒரே ஆழத்தில் இருக்கும். ஆனால் வீட்டுக்காரனிடம் நேரே கேட்டுவிடக் கூடாது. கேட்டால் ஒரு பதில் வந்துவிடும், அப்புறம் அந்தப் பதிலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். ஆதாரம் கைக்கு வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பேன். டெல்பர்ட் விஷயத்திலும் அப்படியே இருந்துவிட்டேன்.

நாங்கள் இருவரும் இந்தப் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் சங்கிலி பிடித்தவர்கள். எங்கள் ஃபுட்பாலில் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதை அளக்கப் பத்து கஜச் சங்கிலி, அதன் இரண்டு முனையிலும் ஆளுயரக் கம்பு. மைதானத்தின் ஓரத்தில் பின்கம்பைப் பிடித்தவன் நான். முன்கம்பு ரேமண்டுடையது, அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. மைதானத்தின் வெள்ளைக்கோடு சங்கிலியைத் தொடுகிற இடத்தில் ஒரு கிளிப்பை மாட்டுவது டெல்பர்ட்டின் வேலை. பந்து எட்டியதா என்று சந்தேகம் வந்தால் நடுவர் எங்களை உள்ளே கூப்பிடுவார். கிளிப்பை அதே வெள்ளைக்கோட்டின்மேல் வைத்து, சங்கிலியை இழுத்துப் பிடித்து, முன்கம்பைப் பந்து தொடுகிறதா என்று பார்ப்போம். கிளிப் ஒரு விரற்கடை தள்ளி மாட்டியிருந்தால் அளவும் ஒரு விரற்கடை தப்பும். நாங்கள் எல்லோரும் உள்ளூர் ஆட்கள்தான், ஆனாலும் கம்பு கையில் இருக்கும்வரை சொந்த அணிக்குக் கைதட்டக்கூட உரிமை கிடையாது.

பதினேழு வருஷத்துக்கு முந்தைய நவம்பரில் ஒரு ஆட்டம். முடிய நாற்பது வினாடி இருந்தது, நாங்கள் மூன்றே புள்ளி முன்னால். எதிரணியின் மூன்றாவது முயற்சியில் மூன்று தடியன்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி ஓரக்கோட்டைத் தாண்டி வந்து என்மேல் விழுந்தார்கள். வாயெல்லாம் புல். எழுந்து கம்பை ஊன்றினேன். திரும்பினால், டெல்பர்ட் சங்கிலியருகே குனிந்திருந்தான். என்னவென்று கேட்டதற்கு ஷூ நாடா அவிழ்ந்துவிட்டது என்றான். கடைசி முயற்சியில் கோர்டெல் ஹேம்ஸ் என்கிற எதிரணி ஆட்டக்காரன் பந்தோடு குவியலுக்குள் பாய்ந்தான். சங்கிலியை உள்ளே கொண்டுபோனோம். இழுத்துப் பிடித்தால், பந்துக்கும் கம்புக்கும் நடுவே ஒரு விரற்கடை. நடுவர் இரண்டு விரலால் அந்த இடைவெளியை உயர்த்திக் காட்டினார், அவ்வளவுதான், ஸ்டேடியமே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் ஊர் சலூனில், கால்நடை மருத்துவரிடம், சவ அடக்கக் கம்பெனியின் வரவேற்பறையில்கூடத் தொங்குகிறது. அன்றைக்கு ஸ்டேடியத்தில் இருந்ததாகச் சொல்பவர்களை எல்லாம் சேர்த்தால் இன்னும் மூன்று ஸ்டேடியம் கட்ட வேண்டும்.

மறுநாள் பத்திரிகையில் வந்த இன்னொரு படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். டெல்பர்ட்டின் ஷூவில் நாடாவே இல்லை. இழுத்து ஒட்டுகிற பட்டை வைத்த ஷூ அது.

இப்போது பல்கலைக்கழகத்துக்கு அந்த நாளைக் கொண்டாட வேண்டுமாம். இடைவேளையில் நாங்கள் போய் அதே அளவையை மறுபடி அளந்துகாட்ட வேண்டும், பந்தை வைக்க கோர்டெல் ஹேம்ஸே வருகிறான் என்று கடிதம் வந்தது. தோற்றவன் எதற்கு வருகிறான்? கைதட்டுகிற முப்பதாயிரம் பேருக்கு நடுவே தன்னுடைய தோல்வியைத் தானே தூக்கிவைக்க யாராவது நானூறு மைல் வண்டி ஓட்டி வருவார்களா? கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவன் முகத்துக்கு நேரே நிற்பதற்கு முன்னால் எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. திருட்டு அளவைக்குக் கைதட்டு வாங்க என்னால் முடியாது.

ஆர்லீன் பக்கத்து வண்டிக்கு நாப்கின் வாங்கப் போன நேரம் பார்த்துக் கேட்டேன்.

"மாப்ளே, அன்னிக்கு உன் ஷூவுல நாடாவே இல்ல."

பன் அந்தரத்தில் நின்றது. என்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. அதை மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

"இதைக் கேக்க உனக்குப் பதினேழு வருஷமாச்சா?" என்றான்.

"கிளிப்பை நகத்துனியா, இல்லையா?"

"நகத்தல. மாட்டினேன். அவனுங்க உன்மேல வந்து விழுந்தானுங்க பாரு, அப்பவே கிளிப்பு தெறிச்சுப் போச்சு மச்சான். நீ எந்திரிச்சே, கம்பை ஊனினே. நீ ஊனின எடத்தை வச்சு நான் கிளிப்பை மறுபடி மாட்டினேன். எங்க ஊனினேன்னு உனக்காவது தெரியுமா?"

"அதே எடத்துலதான்."

பட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகம் என் காதிலேயே இடறியது. சுத்தியலைக் கொட்டகையில் ஒளித்து வைத்தவர்கள் எல்லாம் என்னிடம் இந்த வேகத்தில்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். கம்பின் அடியில் ரப்பர் குமிழ், புல்லில் குழி விழாது, தடம் இருக்காது. யோசித்துப் பார்த்தால் எனக்கு நினைவிருந்தது நாக்கில் புல்லின் கசப்பும் தலைக்குமேல் சாம்பல் வானமும்தான். எழுந்தேன், ஊன்றினேன். எங்கே என்பது இல்லவே இல்லை. பதினேழு வருஷமாக அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்ததில், என் கையை ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை.

"கொஞ்சம் முன்னாடி ஊனின மாதிரிதான் எனக்குப் பட்டுச்சு," என்றான் டெல்பர்ட். "ஒரு கை அகலம் இருக்கும். இல்லாமலும் இருக்கலாம்."

"நடுவர்கிட்ட அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா உன்னைத் தூக்கியிருப்பாங்க. உன் பொண்டாட்டி ஜோயன் உன்னை விட்டுட்டுப் போன வருஷம் அது. வாரத்துல ஒரு நாள் இந்தக் கம்பைப் பிடிக்கத்தான் நீ சவரமே பண்ணினே. ஆர்லீன் தெனமும் அழுவா." பன்னைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டான். "அதுவும் போக, நீ வேணும்னேதான் முன்னாடி ஊனினியோன்னு எனக்கு ஒரு இது."

"என்னையா? நீ என்னையா சந்தேகப்பட்டே?"

"ஏன், அந்த லைசென்ஸ் உனக்கு மட்டும்தான் குடுத்திருக்காங்களா?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கேட்டவன் தலையிலேயே பழியைத் திருப்பிவிடுவது நான் ஆயிரம் வீட்டில் பார்த்த வித்தை. பொய் சொல்கிறானோ என்று அவன் கையைப் பார்த்தேன், பழக்கதோஷம். அது அசையாமல் இருந்தது. என் இரண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா கோர்டெல் வந்து நிற்க வேண்டும்! முப்பத்தெட்டு வயதிருக்கும், தோள் இன்னும் அகலம்தான், இடது முழங்கால் மடங்காமல் நடந்து வந்தான். ஆர்லீன்தான் வழியில் பார்த்துக் கூட்டிவந்திருந்தாள்.

"இவருதான் கோர்டெல். சாப்பிடாம மைதானத்துக்குள்ள எறங்கக் கூடாது தம்பி, உக்காரு," என்று கிண்ணத்தை அவன் கையில் திணித்துவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தான். "உங்கள்ல கம்பு யாரு, கிளிப்பு யாரு?"

"நான் கம்பு," என்றேன்.

"எங்கம்மா இன்னும் உங்களுக்காக ஜெபம் பண்றதில்ல சார். ஊர்ல மத்த எல்லாருக்கும் பண்ணுவாங்க."

டெல்பர்ட் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு சுலபமாகச் சிரிக்கிறவன் எதையோ மடியில் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். என்ன வேலை என்று கேட்டேன். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையாம், ஓமாஹாவைத் தாண்டி எங்கேயோ. எதற்காக வந்தாய் என்று அதே மூச்சில் கேட்டுவிட்டேன். டெல்பர்ட் என் காலை மிதித்தான்.

கோர்டெல் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தான், ஒரு வாய்கூட எடுக்கவில்லை. "அன்னிக்கு அந்தக் குவியலுக்கு அடியில கெடந்தப்போ தாண்டிட்டேன்னு எனக்குத் தெரியும் சார். நெனப்பு இல்ல, தெரியும். உடம்பு சொல்லுச்சு. அப்புறம் நீங்க சங்கிலியைக் கொண்டாந்தீங்க. சங்கிலி பொய் சொல்லுமா? அப்போ என் உடம்புதானே பொய் சொல்லியிருக்கணும்." கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தான். "தோத்ததெல்லாம் மறந்து போச்சு. ஆனா இப்பவும் ஒரு லிஃப்டு கம்பியை முடுக்கிட்டு எறங்கி வருவேன், வண்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பவும் ஏறிப் பார்ப்பேன். சில நாள் மூணு தடவை. பூட்டின கதவை ராத்திரியெல்லாம் இழுத்து இழுத்துப் பார்ப்பேன்னு பொண்டாட்டி என்னைப் பூட்டச் சொல்றதையே விட்டுட்டா. அதான் வந்தேன். சரியாத்தானே அளந்தீங்க?"

டெல்பர்ட் தரையைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எல்லோரும் நல்லபடியாக வீட்டுக்குப் போகலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தோரு வருஷம் மற்றவன் கூரையில் ஏறி நின்று நீதி சொன்னவன், என் கம்பு எங்கே இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன். அதற்குள் பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி காதில் கருவியோடு ஓடிவந்து, நேரமாகிவிட்டது, உட்கார வேண்டிய இடத்தைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று எங்களைக் கிளப்பிவிட்டாள். கோர்டெல் பதிலுக்காக இன்னும் கொஞ்சம் நின்றான். பிறகு அவனும் நடந்தான்.

ஆட்டத்தின் முதல் பாதியில் எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெண் எங்களை ஓரக்கோட்டுக்குக் கூட்டிவந்து பாடம் நடத்தினாள். புல்லில் வெள்ளை டேப் ஒன்று ஒட்டியிருக்கிறது, கோர்டெல் அதன்மேல் பந்தை வைக்க வேண்டும், கம்புக்கு ஒரு விரற்கடை குறையும், நடுவர் விரலைக் காட்டுவார், கைதட்டு, வெளியே வந்துவிட வேண்டும். ரேமண்ட் இல்லாததால் முன்கம்பை என்னிடமே கொடுத்தார்கள். பின்கம்பு இப்போதைய ஆள் ஒருவரிடம் போனது. பேண்டு வாத்தியக்காரர்கள் இருநூறு பேர் மைதானத்தை மிதித்துத் துவைத்துவிட்டு வெளியேறினார்கள். ஒலிபெருக்கி எங்கள் பெயர்களைச் சொன்னது. கூட்டம் எழுந்து நின்றது.

டெல்பர்ட் கிளிப்பைக் கோட்டின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தான். நான் சங்கிலியை இழுத்து, கம்பை நிறுத்தினேன். கோர்டெல் பந்தோடு வந்து, மடங்காத காலை நீட்டி, மற்ற காலை மடித்து மண்டியிட்டான். ஸ்டேடியம் தானாகவே அடங்கியது. அவன் புல்லைத் தடவித் தேடினான். டேப் இல்லை. இருநூறு ஜோடி ஷூக்களில் ஏதோ ஒன்று அதை ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "எங்க வைக்கட்டும் சார்?"

டெல்பர்ட் குனிந்த வாக்கில் தலையை மட்டும் தூக்கினான். ஓரக்கோட்டில் அந்தப் பெண் இரண்டு கையாலும் ஏதோ சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு என்மேல வந்து விழுந்தாங்க," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "எந்திரிச்சுக் கம்பை எங்க ஊனினேன்னு எனக்கே தெரியாது. பின்னாடியா, முன்னாடியா, சத்தியமா தெரியாது. நீ எங்க விழுந்தேன்னு உனக்குத் தெரியும்னு சொன்னே. அங்க வை."

அவன் முகம் மாறியது. கோபமா, நிம்மதியா, எனக்குப் பிடிபடவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பந்தைப் பிடித்திருந்த கையை நீட்டினான். பந்து புல்லைத் தொடாமல் மெல்ல முன்னால் வந்தது. நான் கம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பந்தின் நுனி கம்பின் நிழலுக்குள் நுழைந்தது, கை இன்னும் நிற்கவில்லை.