தம்பி பிடித்த விளமீன்

"ஊது."

ஆசீர்வாதத்தின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு மொக்கைச்சாமி சொன்னார். கேட்டுக்கு வெளியே, கொட்டு அடிக்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டையரான மனிதர், சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்து ஊதினார். பாக்கு வாசனைதான் வந்தது.

"பாக்கைப் போட்டு மறைக்கிறியாக்கும்?"

"ஒரு சொட்டு தொடலண்ணே, மாதா மேல சத்தியமா."

"தொடாமத்தேன் என் தம்பி செத்தானா?"

உள்ளே பந்தலில், வாடகைக்கு வந்த கண்ணாடிப் பெட்டிக்குள் பாண்டிராஜ் கிடந்தான். வாடிப்பட்டியில் கல்யாணம் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவன். போனது கூட்டாளிகள் இரண்டு பேரோடு மூக்கையூர்க் கடலுக்கு. ஆசீர்வாதத்தின் மச்சானுக்கு அங்கே படகு உண்டு. தூண்டில் போட்டார்களாம், ராத்திரி கரையில் கூடாரம் அடித்துத் தூங்கினார்களாம். திரும்பி வரும்போது காரிலேயே நெஞ்சைப் பிடித்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

இதையெல்லாம்கூட மொக்கைச்சாமி பொறுத்திருப்பார். காலையில் வேட்டி மாற்றும்போது தம்பியின் இடுப்பைப் பார்த்தார். அரைஞாண் கயிறு இல்லை. வருஷா வருஷம் கீழக்குயில்குடிக் கருப்பன் கோயிலில் வைத்து எடுத்து, அவர் கையால் முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுகிற கறுப்புக் கயிறு. தம்பி பேரன் எடுத்த பிறகும் அவர்தான் கட்டுவார். அந்த முடிச்சு தானாக அவிழாது. யாரோ அறுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அங்கே என்னமோ நடந்திருக்கிறது.

"பாடைய நாங்க பங்காளிக தூக்கிக்கிருவோம். நீங்க ரெண்டு பேரும் கிட்ட வந்தீக, கைய ஒடிச்சுருவேன்."

இன்னொருவர் ஹரிராம், சுங்குடிச் சேலைக் கடைக்காரர். காரில் சாய்ந்து நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி பெண்டாட்டி சீனியம்மாள் தலைவிரி கோலமாக வாசலுக்கு வந்தாள்.

"மாமா, அவுகள விடுங்க. நான்தேன் போயிட்டு வாங்கன்னேன்."

"நீயுமா? புருசனும் பொண்டாட்டியும் சேந்து எனக்கு வாடிப்பட்டின்னு சொன்னீகளா?"

"சொன்னா விட்டிருப்பீகளா? டீக்குடிக்கப் போனாலே பின்னாடி ஆள் அனுப்புவீக."

பந்தலில் யாரோ சிரித்துவிட்டு, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"அப்பிடி என்ன கெடக்கு அந்தக் கடல்ல?"

"உங்களுக்காகத்தேன் போனாக," என்றாள். ஹரிராமைக் கைகாட்டினாள்.

ஹரிராம் கார் டிக்கியைத் திறந்து வெள்ளைத் தெர்மாக்கோல் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து கீழே வைத்தார்.

"மாப்ள பாண்டிராஜ் பிடிச்சதுண்ணே."

மொக்கைச்சாமி கடல்மீன் தின்று வருஷக்கணக்கு ஆகிறது. விளமீன் குழம்பு என்றால் அவருக்கு உயிர். ஆனாலும் மதுரைக்கு வருகிற மீன் எந்தக் காலத்தில் செத்ததோ, ஐஸில் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்பது அவர் கட்சி. கண்ணுக்கு முன்னால் துள்ளினால்தான் வாங்குவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கண்மாய்க் கெண்டையைத் தின்றுவிட்டு, விளமீனைப் பற்றிப் பேசுவார்.

மூடியைத் திறந்தார். ஐஸுக்கு நடுவே முழங்கை நீள விளமீன். அதன் வாயில் நுழைத்துச் செவுள் வழியாக இழுத்துக் கட்டியிருந்தது கறுப்புக் கயிறு. கயிற்றின் நடுவில் அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"மத்ததயெல்லாம் கரையிலயே பொரிச்சுத் தின்னோம்ணே," என்றார் ஹரிராம். "இதத் தொட விடல. 'மார்க்கெட்டுல வாங்கிட்டு வந்து புளுகுறேன்னு அண்ணே சொல்லும்'னு, இடுப்புக் கயித்த அறுத்து இதுல கட்டிட்டான்."

"கயித்தக் கட்டுனா மட்டும் நம்பிருவாராடான்னு நான் கேட்டேன்," என்றார் ஆசீர்வாதம். "'அது அவரே போட்ட முடிச்சு. அத மட்டும் சந்தேகப்பட மாட்டாரு'ன்னான்."

கொட்டுக்காரர் ஒருவர் பீடியை அணைத்தார். மொக்கைச்சாமி குத்தவைத்து உட்கார்ந்தார். எந்தக் கடையிலும் செய்கிற மாதிரியே ஒற்றை விரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

சிவப்பாக இருந்தது.

கறுப்பு முடிச்சை விரலால் தடவினார். பிறகு செவுளை மெதுவாக மூடினார்.

"மூணாம் நாளே கருமாதின்னு பேசியிருக்கு. அதுக்கப்புறந்தேன் கவிச்சி சேக்கணும். அதுவரைக்கும் தாங்குமா?"

"ஐஸ் மாத்திக்கிட்டே இருந்தாத் தாங்கும்ணே," என்றார் ஹரிராம்.

"அப்புறம் என்னய்யா நிக்கிற? போயி ஐஸ் வாங்கிட்டு வா. தூக்குறதுக்குள்ள வந்துரு. கால்மாட்டுல நீயும் இவரும் பிடிக்கணும்."

ஹரிராம் காரை எடுத்தார். ஆசீர்வாதம் கசங்கிய காலரைச் சரிசெய்துகொண்டு பந்தலுக்குள் போனார்.

பெட்டியின் மூலையில் தண்ணீர் கசிந்தது. மொக்கைச்சாமி அதை நிழலுக்கு இழுத்துக்கொண்டு போய், தம்பி கிடந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். தோளில் கிடந்த துண்டை மடித்து மேலே போட்டார். பந்தல் ஓட்டை வழியே வெயில் நகர நகர, மீன் பெட்டியையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருந்தார்.