பாக்கெட்டில் ஒரு கூம்பு நத்தை

படகு தீவை விட்டுக் கிளம்பிப் பாதிக் கடலுக்கு வந்த பிறகுதான் பள்ளிக்கூட லேபைப் பார்த்துக்கொள்கிற லேப் அண்ணன் தன் போனை டீச்சரிடம் நீட்டினார். எட்டாம் வகுப்பு முழுவதும் லைஃப் ஜாக்கெட்டில் புடைத்துக்கொண்டு இரண்டு பக்கப் பலகைகளிலும் உட்கார்ந்திருந்தது. வெயிலில் வெந்து, உப்புத் தண்ணீரில் ஊறி, பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். மீதிப் பேர் தூங்குகிறவர்களின் மூக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அறிவியல் டீச்சருக்கு அதிசயமாகக் கோபம் வரவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அப்போதுதான் காலை நீட்டியிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஸ்கேல் மிஸ் என்று பெயர். கையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். அது நத்தையையும் அளக்கும், உள்ளங்கையையும் பதம் பார்க்கும். அதே வகுப்பில் படிக்கிற அவருடைய மகளுக்குச் சின்ன ஸ்கேல் என்று பெயர். பாவம், பேருக்குத்தான் அவள் ஸ்கேல். மற்றவர்களுக்கு ஒரு அடி என்றால் அவளுக்கு இரண்டு விழும். சொந்த மகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதாம். வகுப்பில் அம்மாவை அவள் மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். பழகிப் பழகி வீட்டிலும் பாதி நேரம் அதுவே வாயில் வந்தது.

தீவில் இறங்கும்போதே டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாருங்கள், அளந்து பாருங்கள், வரையுங்கள், ஆனால் ஒரு கிளிஞ்சலைக்கூட எடுத்து வராதீர்கள். எடுத்து வந்தவர் காலைப் பிரேயரில் பள்ளிக்கூடமே பார்க்க நிற்க வேண்டும். அதோடு கைக்கு என்ன கிடைக்கும் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. பிள்ளைகள் தண்ணீர் வடிந்த பாறைத் திட்டில் கயிற்றால் கட்டம் கட்டி, அதற்குள் இருந்த நட்சத்திர மீனையும் நண்டையும் கடல் வெள்ளரியையும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். அப்படித்தான் டீச்சர் நம்பியிருந்தார்.

"இது ரொம்ப அழகா இருந்துச்சு மேடம், பாருங்க" என்றார் லேப் அண்ணன்.

போட்டோவில் ஒரு சின்னக் குட்டை. அதன் மணலில் விரல் நீளத்துக்கு ஒரு சங்கு. பழுப்பும் வெள்ளையுமாக, நெருக்கமான முக்கோணங்களால் நெய்தது போல இருந்தது. ஒடுங்கிய முனையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று எட்டிப் பார்த்தது. அதாவது உள்ளே உயிர் இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளை ஷூவின் நுனி. எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை ஷூதான் போட்டிருந்தார்கள். இன்னொரு படம் எடுக்கலாம் என்று திரும்பி வந்தபோது சங்கைக் காணவில்லை, ஏதோ ஒரு வாலு சுருட்டிவிட்டது என்று லேப் அண்ணன் சிரித்தார்.

டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கூம்பு நத்தை. படிக்கிற காலத்தில் கண்ணாடி ஜாடிக்குள் செத்ததைத்தான் பார்த்திருந்தார். அதன் வாயிலிருந்து ஊசி போல ஒரு பல் பாய்ந்து வரும். துணியையும் துளைக்கும். குத்தியது சில சமயம் தெரியக்கூடத் தெரியாது. பிறகு உதடு மரத்துப்போகும், கை கால் துவளும், மூச்சு நின்றுவிடும். அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு மூச்சை ஓட்டினால் பிழைக்கலாம். ஆஸ்பத்திரி கரையில் இருந்தது, கரையோ இன்னும் கண்ணில் படவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

அவர் லேப் அண்ணனிடம் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்த முகம் வெளுத்துவிட்டது.

"யாரு எடுத்ததுன்னு கேட்டுடுங்க மேடம்."

"யார் சொல்லுவா? நான்தான் எல்லார் வாயையும் அடைச்சு வெச்சிருக்கேனே."

விஷம் என்று உண்மையைச் சொன்னாலும் ஆபத்து. எடுத்து வைத்திருக்கிற பிள்ளை பதறிப்போய்ப் பாக்கெட்டில் கையை விட்டு அதைப் பிடுங்கி எறியப் பார்க்கும். அந்த ஒரு பிடியே போதும். முதலில் எல்லாக் கைகளும் வெளியே வர வேண்டும், ஏன் என்று யாருக்கும் தெரியக் கூடாது. இந்தப் பக்கம் ஒரு பையன் சோம்பல் முறித்தான். அந்தப் பக்கம் ஒருத்தி பைக்குள் எதையோ துழாவினாள். ஒவ்வோர் அசைவுக்கும் டீச்சருக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

படகுக்காரரிடம் போய் இன்ஜின் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். பிறகு, தன் வாழ்நாளில் செய்யாத காரியமாக, பிள்ளைகளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். குரூப் போட்டோ எடுக்கப் போகிறோம், எல்லாரும் இரண்டு கையையும் மேலே தூக்குங்கள் என்றார். ஸ்கேல் மிஸ்ஸுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் வகுப்பு நினைத்திருக்கும். ஆனாலும் சொன்னதைச் செய்து பழகிய வகுப்பு அது. தூங்கியவர்களை எழுப்பிக் கைகளைத் தூக்கவைத்தார்கள்.

கடைசிப் பலகையில் ஒரு கை மட்டும் மேலே வரவில்லை. சின்ன ஸ்கேலின் வலது கை டிராக் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

டீச்சருக்குக் காதில் எதுவும் விழவில்லை. பக்கத்தில் இருந்த தோழி விளையாட்டாக அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் குனிந்தாள்.

"அவளைத் தொடாதே."

டீச்சரின் அந்தக் குரலில் தோழி அப்படியே உறைந்துபோனாள். மகள் அதைவிட மோசமாக உறைந்தாள். பாக்கெட்டுக்குள் அவளுடைய விரல்கள் எதையோ இறுக்கிப் பிடிப்பது துணிக்கு மேலேயே தெரிந்தது. டீச்சர் பலகைகளைப் பிடித்துப் பிடித்து அவளிடம் போனார்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

விரல்கள் இன்னும் இறுகின. அவர் வாயைத் திறக்கத் திறக்க அந்தப் பிடி இறுகியது. இத்தனை வருஷமாக ஒரு வகுப்பையே கட்டி ஆண்ட குரல், இப்போது சொந்தப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது. அவர் மூச்சை இழுத்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"உண்மையச் சொல்லு. அடிக்க மாட்டேன்."

"அன்னிக்கும் அப்படித்தான் சொன்னீங்க மிஸ்."

சொன்னார்தான். போன மாதம் லேபில் மைக்ராஸ்கோப் உடைந்தபோது, உண்மையைச் சொன்னால் அடிக்க மாட்டேன் என்று சொல்லித்தான் வாயைத் திறக்கவைத்தார். அவள் சொன்னாள், அவர் அடித்தார். வகுப்பு பார்த்துக்கொண்டிருந்ததே, வேறு என்ன செய்வது என்று அன்றைக்கே தனக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார். இனி எந்தச் சத்தியத்தை இவளிடம் செய்வது? செய்தால்தான் நம்புவாளா?

படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மகள் விழாமலிருக்க இடது கையால் பலகையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் ஈரத் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த ஸ்கேலை உருவினார். மகளின் தோள் தானாகச் சுருங்கியது. அவர் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து அவளிடம் நீட்டினார்.

"இந்தா, இத நீ வெச்சுக்க. உங்கிட்ட இருந்தா நான் எப்படி அடிப்பேன்? உள்ள இருக்கிறது அங்கேயே இருக்கட்டும். கைய மட்டும் எடு, மெதுவா."

அவள் ஸ்கேலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அதை இதுவரை எந்தப் பிள்ளையும் தொட்டதில்லை. பாக்கெட்டின் புடைப்பு தளர்ந்தது. முதலில் மணிக்கட்டு, பிறகு கட்டைவிரல், பிறகு மற்ற விரல்கள். வெறுங்கை வெளியே வந்து ஸ்கேலை வாங்கிக்கொண்டது.

டீச்சர் பாக்கெட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தொடையிலிருந்து தள்ளி இழுத்தார். லேப் அண்ணன் படகுக்காரரின் வலை அறுக்கும் கத்தியை வாங்கி, பாக்கெட்டைத் துணியோடு சேர்த்து அறுத்தார். அது படகில் இருந்த வாளித் தண்ணீரில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் துணிக்குள்ளிருந்து அந்தக் குழாய் நீண்டு, இப்படியும் அப்படியுமாகத் தேடியது. டீச்சர் வாளியைப் பிள்ளைகளிடமிருந்து தள்ளிவைத்தார்.

அவர் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நகக்கண், ரேகை, விரலிடுக்கு எல்லாம் பார்த்தார். துணியை விலக்கித் தொடையைப் பார்த்தார். உதடு மரத்துப்போகிறதா, நாக்குத் தடிக்கிறதா என்று கேட்டார். இல்லை, இல்லை என்று அவள் தலையாட்டினாள். எங்கும் ஒரு புள்ளிகூட இல்லை. டீச்சருக்கு அதற்குமேல் எழுந்திருக்க முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, ஈரத் தரையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மகளுக்கு எதுவும் புரியவில்லை. தான் சங்கை எடுத்தது தெரிந்துவிட்டது, அதனால்தான் மிஸ் அழுகிறார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. ஸ்கேலைத் திருப்பி அம்மாவிடம் நீட்டினாள். இடது கையைப் பலகையிலிருந்து எடுத்து, உள்ளங்கையை விரித்து முன்னால் காட்டினாள்.

"எத்தனை, மிஸ்?" என்று கேட்டாள்.