சந்தைக்கு முன் ஒரு வாளித் தண்ணீர்

'எக்ஸ்பீடியண்ட்' என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினாள் பவித்ரா. பேகம்பூரில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். அந்தச் சொல்லின் கீழே அட்வைசபிள், பாலிடிக். எதிர்ப்பக்கம் ப்ராப்பர், டீசண்ட், சீம்லி. நடுவில் ஒரு கோடு கிழித்தாள்.

"ரெண்டு பக்கத்துக்குமே தகுந்ததுன்னுதான மிஸ் புக்ல அர்த்தம் போட்டிருக்கு?" என்றான் இஷாக்.

ஊர் உதாரணம் இல்லாமல் எந்தச் சொல்லும் மனதில் நிற்காது என்பான் அவள் கணவன் இளஞ்செழியன். ராத்திரி சாப்பாட்டின்போது அவளுக்காக யோசித்துச் சொல்வான். அவன் செத்துப்போன பிறகும் அந்த உதாரணங்களை வைத்துத்தான் பாடம் நடத்துகிறாள்.

"அய்யலூர் சந்தைக்கு ஆடு கொண்டு போறீங்க. விக்கிறதுக்கு முன்னாடி உப்புப் போட்டு ஒரு வாளித் தண்ணி குடிக்க வைக்கிறீங்க. வயிறு நெறஞ்சு ஆடு கொழுத்த மாதிரி தெரியும். காரியம் ஆயிரும். அது எக்ஸ்பீடியண்ட். இது தண்ணி குடிச்ச வயிறுண்ணேன்னு வாங்குறவர்ட்ட சொல்லி விக்கிறது ப்ராப்பர்."

"அப்படிச் சொன்னா ஆடு வீட்டுக்குத்தான் திரும்பி வரும் மிஸ்."

"ரெண்டுலயும் ஆட்ட யாரும் கேக்கலயே," என்றாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. பவித்ரா பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

கீழே பைக்கோடு நின்றிருந்தான் கொழுந்தன் பழனிக்குமார். அவள் மருமகளாக வந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்ட பையன். அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். வாய்க்கு வாய் மதினி என்பான். வீட்டில் இருவருக்கும் கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹாரன் அடிப்பான்.

"ஞாயித்துக்கெழம பெரியாளுக எல்லாம் வாராக. பேசி முடிச்சிரலாம்னு அம்மா சொல்லுச்சு," என்றான், அவள் பின்னால் ஏறி வண்டி கிளம்பியதும், கண்ணாடியைப் பார்க்காமல்.

"நீ என்னப்பு சொன்ன?"

"என்னைய யாரு கேட்டா?"

"நீ ஆசப்பட்ட அந்தக் கீரனூர்ப் பிள்ள?"

அவன் வேகத்தைக் கூட்டினான்.

வீட்டில் ஆட்டுக்கறி மணந்தது. இளஞ்செழியன் போனதற்குப் பிறகு அந்த அடுப்பில் கறி வேகவில்லை. காலையில் அவள் வாசலுக்கு வந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று உள்ளே போகச் சொன்ன மாமியார் பேச்சாயிதான் இப்போது கூடத்தில் இலை போட்டு, அவளையும் பழனிக்குமாரையும் எதிரெதிராக உட்கார வைத்தாள். நடுவில் பவித்ராவின் மகள் தமிழ்நிலா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம சனத்துல இல்லாததா? மொறதான் ஆத்தா. நெலமும் பிரியாது, பிள்ளையும் நம்ம கண்ணு முன்னால வளரும். ஒங்க அம்மாவும் சரிங்குது."

"எனக்கு வேணாம் அத்தை."

பேச்சாயி கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள்.

"வேணாம்னா ஒங்க அம்மா வீட்டுக்குப் போ. தடுக்கல. பிள்ள எங்கயும் வராது. எம் மகன் மொகம் இந்த வீட்ல அது கிட்டதான மிச்சம் இருக்கு." சொல்லும்போதே குரல் உடைந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். உடனே, யாரோ திட்டியதுபோல், இன்னும் இரண்டு துண்டு கறியை அள்ளி பவித்ராவின் இலையில் வைத்தாள். "சாப்பிடு. எலும்பும் தோலுமா நின்னா வாரவுக என்ன நெனப்பாக?"

பவித்ரா ஒரு வாய் வைத்தாள். உப்புக் கரித்தது. இந்த வீட்டில் உப்புக் கூடியதாக அவளுக்கு நினைவில்லை. அழுதுகொண்டே சமைத்திருக்க வேண்டும். பேச்சாயியும் விரலில் தொட்டு நக்கிப் பார்த்தாள். எழுந்துபோய் இரண்டு செம்பில் விளிம்பு வரை தண்ணீர் மொண்டுவந்து ஆளுக்கு ஒன்றாக வைத்தாள்.

"குடிங்க."

பழனிக்குமார் செம்பைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தான். தொண்டை ஏறி இறங்கியது. பவித்ரா தன் செம்பைக் கையில் எடுத்தாள். தண்ணீர் தளும்பி விரல்களில் வழிந்தது. பேச்சாயி உட்காரவில்லை; அவள் கையையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.