தண்ணீர் கேட்காத தொட்டிகள்

ஏழாம் எண் தொட்டியில் விரலை விட்டேன். ஈரம். ஒன்பது நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாத மண்ணில் ஈரம்.

கண்ணாடிக் கூடாரத்தில் நாற்பது தொட்டிகள், நாற்பதிலும் நெற்பயிர். இருபதின் மண்ணில் உமியைச் சுட்டெடுத்த கரியும் சிலிக்கன் சத்தும் கலந்திருக்கிறது. மீதி இருபது வெறும் மண். எது எதுவென்று எனக்கே தெரியாது. தெரிந்தால் என் கண் ஓரவஞ்சனை செய்துவிடுமாம். லேபில் இருக்கும் தோழிதான் கலந்தாள். எல்லாவற்றின் மேலும் ஒரே மணலைப் பரப்பி, எண் ஒட்டி, பட்டியலை உறையில் போட்டு மூடிக் கொடுத்துவிட்டாள். தண்ணீரை நிறுத்தினால் எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்கனவே இரண்டு முறை சொதப்பியாயிற்று, ஒருமுறை பூச்சியால், ஒருமுறை என்னால். இந்த முறையும் போனால் கூடாரத்தைத் தக்காளி ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். பதினோரு மணிக்கு அவர் வருகிறார்.

தோட்டக்காரர் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். இருபது வருடமாக இங்கே தண்ணீர் ஊற்றுகிறவர். இந்த ஒன்பது நாளும் அவருக்கு இரண்டே வேலை: கூடாரத்தைப் பெருக்குவது, பெருமூச்சு விடுவது.

"அண்ணே, இதுக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

அவருக்குப் பொய் வராது.

"காலையில வந்ததும் ஒரு டம்ளர்தாம்மா. இலையெல்லாம் சுருண்டு, என்னையே பாக்குற மாதிரி நின்னுச்சு. மனசு கேக்கல."

"ஊத்தாதீங்க, ஊத்தாதீங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே! நாலு மாச உழைப்புண்ணே!"

கத்தினேன். கத்தும்போதே கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அவர் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் ஊத்தலம்மா. வாடினதுக்கு மட்டுந்தான்."

"எது எதுக்கு?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. வரிசையாக நடந்து தொட்டுக் காட்டினார். மூன்று, நான்கு, ஏழு, பதினொன்று. வீட்டில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்வதுபோல் சொன்னார். எழுதிக்கொண்டே போனேன். பத்தொன்பது தொட்டிகள்.

"மத்ததுக்கு ஏன் ஊத்தல?"

"அதுங்க கேக்கலையேம்மா."

எழுதிய கை நின்றுவிட்டது. மேசைக்கு ஓடி உறையைக் கிழித்தேன். சோதனை முடியும் முன் கிழிப்பது எங்கள் தொழிலில் மகாபாவம். இனிக் கெட என்ன இருக்கிறது? மூன்று, வெறும் மண். நான்கு, வெறும் மண். ஏழு, வெறும் மண். பத்தொன்பதும் வெறும் மண். அவர் தொடாமல் விட்ட ஒரே வெறும்மண் தொட்டி மூலை நிழலில் இருந்தது. கரி போட்ட இருபதில் ஒன்றுக்குக்கூட அவர் டம்ளர் போகவில்லை. இலையின் ஈரத்தை அளக்க நான் எழுதிக் கேட்ட கருவி ஒரு வருடமாக வரவில்லை. இந்த மனிதரின் இரக்கம் ஒரே காலையில் அளந்து முடித்திருக்கிறது.

ஆனால் அறிக்கையில் என்னவென்று எழுதுவேன்? தோட்டக்காரருக்கு மனசு கேட்கவில்லை என்றா? நடந்ததை நடந்தபடி இயக்குநரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கரி போட்ட பன்னிரண்டாம் எண்ணைத் தூக்கினேன். காய்ந்த மண்ணுக்குக் கனமே இல்லை. மேலே இலைகள் விறைப்பாக, முழுப் பச்சையாக நின்றன. ஒன்றை நீவியபோது சிலிக்கன் ஏறிய அதன் விளிம்பு விரலைக் கீறிவிட்டது. வலிக்கவில்லை, ஆச்சரியமாக இருந்தது.

பட்டியலை அவருக்கும் படித்துக் காட்டி முடித்தபோது வெளியே இயக்குநரின் கார் வந்து நின்றது.

"அப்ப நான் கெடுக்கலையாம்மா?"

"தெரியலண்ணே."

"இதுக்கும் ஒரு வாய் ஊத்தட்டுமா? கேக்கலைன்னாலும் பாவந்தானே."

டம்ளரை விளிம்புவரை நிரப்பியிருந்தார். கூடாரத்தின் கதவு திறந்தது. அவர் ஒரு சொட்டும் சிந்தாமல் அதைப் பன்னிரண்டாம் எண்ணுக்கு மேல் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்து நின்றார்.