அக்காவின் தோலும் வக்கீலின் மூன்றாவது கியரும்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் அக்காவுக்கு நடந்தது. அவள் சொல்வாள், நான் எழுதுவேன், பிடிக்காத வரிகளை அவள் அடிப்பாள் என்று பேசிக்கொண்டுதான் ஆரம்பித்தோம். முதல் வரியாக, ‘அந்திவானம் போலச் சிவந்து கிடந்தது அவள் முதுகு’ என்று எழுதிக் காட்டினேன்.

“என் முதுகுல வானத்தையெல்லாம் ஏத்தாதடா. காய்ச்சல் அடிச்சுது, சீழ் வெச்சுது. அத எழுது.”

அடித்தாயிற்று.

2

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். முழங்கையிலும் முழங்காலிலும் பல வருடமாகச் சோரியாசிஸ் என்ற தோல் நோய். அது சாதுவான ஜாதி. காரின் கறுப்பு சீட்டில் வெள்ளையாகச் செதில் உதிர்க்கும், அவ்வளவுதான். மருந்துக் கடைக்காரர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று மாதம் விழுங்கினாள். தோல் பளபளத்தது. குணமாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தினாள்.

(இங்கே நீங்கள் பதற வேண்டும். பதறவில்லையா? அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அப்போது எங்களுக்கும் தெரியாது.)

ஐந்தாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல். உடம்பெல்லாம் வெந்தது போலச் சிவப்பு. அதன்மேல் குண்டூசித் தலை அளவில் நூற்றுக்கணக்கான வெள்ளைக் கொப்புளங்கள். முதலில் பார்த்த டாக்டர் கிருமி என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து குளம் கட்டின. படுக்கை விரிப்பைத் தண்ணீரால் நனைத்துத்தான் முதுகிலிருந்து பிரிக்க முடிந்தது. நான் அறைக்கு வெளியே போய் நின்று—

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே விடுகிறேன்.)

3

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரை முதல் நான்கு வரைவுகளில் ஞானியாக எழுதினேன். உண்மையில் அந்த அம்மாள் விக்கிக்கொண்டே வந்தார். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு கிருமியும் வளரவில்லை. தோலில் மிளகளவு வெட்டியெடுத்துப் பார்த்தார்கள்.

“கிருமி இல்லம்மா. இதுவும் சோரியாசிஸ்தான். கொப்புளம் போடுற... விக்... அபூர்வமான வகை. உங்க எதிர்ப்புச் சக்தியே உங்க தோல்மேல பாயுது. யாருக்கும் தொத்தாது. ஆனா கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து.”

“அப்ப நோய்க்குப் பேர் கிடைச்சிடுச்சு” என்று அக்கா சிரித்தாள். பதினோரு நாளில் முதல் சிரிப்பு.

டாக்டர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: “மறுபடி வரும். காய்ச்சல், எரிச்சல், புதுசா கொப்புளம். இது சேர்ந்து வந்தா அன்னைக்கே இங்க இருக்கணும்.”

4

அக்காவிடம் கார் பழகும் வக்கீலை நீங்கள் நம்பமாட்டீர்கள். லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றவர். பிரேக்கை மிதிக்கச் சொன்னால் முகாந்திரம் கேட்பார். (ஒரு வரைவில் அவரை நன்றாக ஓட்டவைத்தேன். கதை படுத்துவிட்டது.)

அக்கா தேறி வேலைக்குத் திரும்பி ஏழு மாதம் கழித்து, அவருடைய காலை பத்து மணி வகுப்பின் நடுவே அக்காவுக்குக் குளிரெடுத்தது. இரண்டு நாளாகத் தொண்டை வலி வேறு. சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்த சிவப்பின்மேல் நான்கு வெள்ளைப் புள்ளிகள்.

“ஆஸ்பத்திரிக்கு விடுங்க சார்.”

“நானா? மேடம், நான் மூணாவது கியரே போட்டதில்ல.”

“இன்னைக்குப் போடுவீங்க.”

“சட்டப்படி பாத்தா—”

“சார், கிளட்ச்.”

போட்டார். வண்டி ஒருமுறை துள்ளியது, பிறகு பறந்தது. இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைத் தட்டினார். பளிச்சென்ற வெயிலில் அது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு சைக்கிள்காரரிடமும் மன்னிப்புக் கேட்டார். அக்காவுக்குப் பல் கிட்டித்தது, தோல் காந்தியது, சிரிப்பும் அடங்கவில்லை.

டாக்டர் சொன்னதையெல்லாம் வழியிலேயே அக்கா அவரிடம் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, வக்கீல் வரவேற்பு மேஜைக்கு ஓடினார். “தோல் டாக்டரக் கூப்பிடுங்க. அவங்க சொன்ன அத்தனை அறிகுறியும் இந்தம்மா உடம்புல இருக்கு. நான் சாட்சி.” வாழ்நாளில் அவர் செய்த மிகச் சிறிய வாதம் அதுதானாம்.

அன்று மாலைக்குள் அந்த நோய்க்கென்றே உள்ள மருந்து நரம்பு வழியே ஏறியது. ஒரு வாரத்தில் கொப்புளங்கள் காய்ந்து உரிந்தன. இந்த முறை விரிப்பை யாரும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

5

முடிவு ஒன்று: வக்கீல் நான்காம் முறை தேறுகிறார்.

“இல்ல. போன வாரமும் தூண இடிச்சார்.”

முடிவு இரண்டு: நோய் அதற்குப் பிறகு வரவேயி—

“பொய் எழுதாத.”

மூன்றாவதை அவளிடம் காட்டவில்லை. அதில் அவள் தனியாக இருந்தாள். நானே கிழித்துவிட்டேன்.

அடுத்த முறை அது எப்போது வரும், அப்போது காரில் அவள் பக்கத்தில் யார் இருப்பார் என்று எனக்குத் தெரியாது. புதிதாக ஓட்டப் பழகும் நீங்களாகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் பெட்ரோல் பங்க் தாண்டியதும் இடது பக்கம் திரும்புங்கள், அங்கிருந்து நேர் சாலைதான். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்கள்.